டாடா பென்ஸ் முதல் வென்டோ வரை: பழைய ஜெர்மன் கார் ஏன் இவ்வளவு மலிவு?

"பத்து வருஷத்து வென்டோ ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா?"

சோழவந்தான் பக்கம் இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டுவிட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வருபவர் என்று ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கையில் இரண்டு மூன்று லட்சம் இருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு பக்கம் ஜப்பான்காரன் வடிவமைத்த சின்ன வண்டி. இன்னொரு பக்கம், கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கனமாகச் சத்தம் கேட்கும் ஜெர்மன் செடான். புதிதில் அதிக விலைக்கு விற்றது இரண்டாவதுதான். பழசானதும் அது கீழே போய்விடுகிறது. புரோக்கரிடம் கேட்டால், "ஓட்ட சூப்பரா இருக்கும் சார், ஆனா செலவு வச்சிரும்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

நான் மெக்கானிக் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிழை வந்தால் 'எங்கே' என்பதோடு 'எப்போது, ஏன் இது உள்ளே நுழைந்தது' என்றும் தேடுவோம். ஜெர்மன் கார்களின் பழுதுகளை அப்படித் தேடிப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த தேதி இருப்பது தெரிந்தது. அந்தத் தேதிகள் தெரிந்தால் 'செலவு வச்சிரும்' என்ற பொத்தாம்பொதுவான பயம் கொஞ்சம் தெளிகிறது. சில இடங்களில் பயம் கூடவும் செய்கிறது.

நட்சத்திரம் வந்த லாரி

ஜெர்மன் இன்ஜின் நம்ம ஊருக்குப் புதிது இல்லை. 1954ல் டெல்கோ நிறுவனம், அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தது. 15 வருட ஒப்பந்தம். லாரியின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. 1969ல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. ஆனால் மக்கள் வாயில் வெகுகாலம் அது 'டாடா பென்ஸ்'தான். எங்கள் அப்பா தலைமுறை ஆட்கள் 'பென்ஸ் லாரி' என்று சொன்னால் அது பணக்காரர் வண்டி இல்லை, நெல்லும் தேங்காயும் ஏற்றும் வண்டி.

அதற்கு 3 வருடம் முன்பே, 1951ல், மைக்கோ தொடங்கியாயிற்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்பார்க் பிளக், டீசல் பம்ப், நாசில் எல்லாம் செய்த கம்பெனி. 2008ல்தான் பெயரே பாஷ் லிமிடெட் என்று மாறியது. பெயர் மாறினாலும் பழைய ஃபிட்டர்களுக்கு இன்றும் அது 'மைக்கோ பம்ப்'தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் பொருள் வந்தது மட்டுமல்ல. அதைக் கழற்றி மாட்டும் அறிவும் கூடவே வந்தது. உதிரிபாகங்கள் படிப்படியாக உள்ளூரிலேயே தயாராயின. மதுரை போன்ற ஊர்களில் பம்ப்பைக் கழற்றிச் சோதனை பெஞ்சில் ஏற்றி அளவு வைத்துத் தரும் 'பம்ப் கடை' என்று ஒரு தனித் தொழிலே உருவானது. பள்ளிக்கூடம் முடிக்காத பையன் பட்டறையில் சேர்ந்து, பத்து வருடத்தில் அந்த ஜெர்மன் பம்ப்பின் உள்விவரம் அத்தனையும் விரல்நுனியில் வைத்திருப்பான்.

ஒரு உதாரணம். லாரி இன்ஜின் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாமல் 'டப டப' என்று ஓடுகிறது. ஆறு சிலிண்டரில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் தொய்யும். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவே இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். கம்ப்யூட்டரும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். ஒரு ஸ்பேனரும் ஒரு காதும் போதும். நாங்கள் ஆயிரம் வரி கோடில் பிழை தேடும்போது ஒவ்வொரு பகுதியாக அணைத்துப் பார்ப்பதும் இதே தர்க்கம்தான். அவர்கள் எங்களுக்கு முந்தியவர்கள்.

1995: பென்ஸ் காராக வந்தது

1994ல் டைம்லர்-பென்ஸும் டெல்கோவும் மறுபடி கைகோத்தன, இந்த முறை கார் செய்ய. 1995ல் புனேயில் இ220 வெளிவந்தது. கம்பெனிக்குள் அதன் குறிப்பெண் டபிள்யூ124. ஜெர்மனியில் அந்த வடிவம் 1984 கடைசியில் வந்தது. இந்தியாவில் கட்ட ஆரம்பித்த அதே 1995ல் அங்கே அதற்கு அடுத்த மாடல், உருண்டை விளக்கு வைத்த டபிள்யூ210, கடைக்கு வந்துவிட்டது. லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது ஓய்வு பெறப்போகிற மாடல். அப்போதே அதைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது.

ஆனால் டபிள்யூ124 சாதாரண வண்டி இல்லை. உலகம் முழுக்க டாக்ஸிக்காரர்கள் பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய வண்டி. இரும்பைப் பொறுத்தவரை இன்றைக்கும் அதைக் குறை சொல்ல ஆள் கம்மி. குறை ஒளிந்திருந்தது வயரில். 1992 முதல் 1995 வரை கட்டிய பல பென்ஸ் பெட்ரோல் கார்களில் இன்ஜின் வயரிங்குக்கு மேலே போட்ட உறை, சூட்டில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. மண்ணில் மட்கக்கூடிய, சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளால் அதைச் செய்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: செம்புக் கம்பிகள் வெறுமையாகி ஒன்றோடொன்று உரசும்.

இந்தப் பழுது எப்படித் தெரியும்? ஐடிலில் இன்ஜின் ஏறி இறங்கும். ஒருநாள் நன்றாக ஓடும், மறுநாள் திணறும். மெக்கானிக் ஏர் சென்சாரை மாற்றுவார். ரெண்டு நாள் சரியாகிவிடும், ஏனென்றால் மாற்றும்போது வயர் அசைந்து தற்காலிகமாக ஒட்டியிருக்கும். மறுபடி வரும். அடுத்து திராட்டில், அடுத்து இக்னிஷன் காயில். பணம் கரைந்துகொண்டே இருக்கும். வண்டி எந்த வருடத்தில் கட்டியது என்று பார்த்து, முதலில் வயரிங் உறையை விரலால் வளைத்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பழுதுக்குப் பிறந்த தேதி உண்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

பென்ஸுக்குப் பின்னாலேயே 1996ல் ஓப்பல் அஸ்ட்ரா வந்தது. வடிவம் ஜெர்மனி, முதலாளி அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ், தொழிற்சாலை குஜராத்தின் ஹலோல். 2006ல் ஓப்பல் என்ற பெயரையே இந்தியாவில் கைவிட்டார்கள். 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. அஸ்ட்ராவுக்கு வேறு நோய் எதுவும் வேண்டாம், அநாதையானதே போதும். பழைய வண்டி வாங்கும்போது இன்ஜினைப் பார்க்கிற அளவுக்குக் கம்பெனி ஊரில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பேசிய பேப்பர்

2009 மார்ச்சில் புனேக்குப் பக்கத்தில் சாகனில் ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை திறந்தது. 2010ல் போலோ, அதே ஆண்டு செப்டம்பரில் போலோவை நீட்டி டிக்கி வைத்த வென்டோ. அந்த விளம்பரம் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆங்கில நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வெளிச்சம் பட்டால் பேசும் சின்னக் கருவி ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். காலையில் பேப்பரை விரித்தால் அது காரைப் பற்றிப் பேசியது. குப்பையில் போட்ட பிறகும் சில பேப்பர்கள் பேசிக்கொண்டிருந்ததாகக் கதை உண்டு. ஆரம்ப விலை ஏறக்குறைய 7 லட்சம். நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கிற விலையில் ஒரு ஜெர்மன் செடான் என்றால், நம்ம நாட்டில் அதுதான் முதல் பெரிய முயற்சி என்பேன்.

இன்று நம்ம பக்கம் கைமாறுகிற வண்டிகளில் கணிசமானவை இந்த வென்டோக்களும், அதன் இரட்டைப் பிறவியான ஸ்கோடா ரேபிடும்தான். எல்லா வென்டோவும் ஒன்றல்ல. பானெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மூன்று வெவ்வேறு வரலாறு.

முதலாவது 1.6 லிட்டர் சாதாரண பெட்ரோல். டர்போ இல்லை, இரட்டைக் கிளட்ச் இல்லை. கையால் மாற்றும் ஐந்து கியர், அல்லது பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். புதிதில் இதைப் 'பழங்கால இன்ஜின்' என்று மட்டம் தட்டினார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வாங்குகிறவருக்கு அந்தப் பழங்காலம்தான் வரம். மைலேஜ் கம்மி. இ20 பெட்ரோல் எங்கும் வந்துவிட்டதால் பழைய ரப்பர் குழாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி சோழவந்தானிலேயே ஒரு நல்ல மெக்கானிக் கை வைக்கக்கூடிய வண்டி.

இரண்டாவது, 2013ல் வந்த 1.2 டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி கியர்பாக்ஸோடு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

எண்ணெய் குறைந்த கியர்பாக்ஸ்

டிஎஸ்ஜி என்பது இரண்டு கிளட்ச் வைத்த கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். கிளட்சை இயக்குவது உங்கள் கால் இல்லை. மெக்கட்ரானிக் என்று ஒரு பெட்டி. பம்ப், வால்வு, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே உருவாக உள்ளே இருக்கும்.

முதலில் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்சுகள் எண்ணெயில் குளித்தன. ஏறக்குறைய ஆறரை லிட்டர் எண்ணெய். 2008ல் வந்த ஏழு கியர் டிக்யூ200ல் கிளட்ச் உலர்ந்தது, கியருக்கு எண்ணெய் 1.7 லிட்டர்தான். எதற்காக? எண்ணெயைக் கலக்கிக்கொண்டு சுற்றினால் சக்தி வீணாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஐரோப்பாவில் அப்போது கார்கள் கக்கும் கார்பன் டை ஆக்ஸைடுக்குக் கிராம் கணக்கில் வரம்பு வந்துகொண்டிருந்தது. 2009ன் சட்டம் கிலோமீட்டருக்கு சராசரி 130 கிராம் என்று வைத்தது. ஒவ்வொரு கிராமுக்கும் போராடிய காலத்தின் குழந்தை அந்த கியர்பாக்ஸ். ஜெர்மன் நெடுஞ்சாலைக்கு அது புத்திசாலித்தனமான தீர்வு.

வெக்கையும் நெரிசலும் சேர்ந்த இடத்தில்தான் அது தடுமாறியது. 2013 மார்ச்சில் சீனத் தொலைக்காட்சி, நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இதைப் போட்டு உடைத்தது. ஃபோக்ஸ்வேகன் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்ற அழைப்பு. செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு, கனிம எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். காரணமாகக் கம்பெனியே சொன்னது: வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று நகரும் போக்குவரத்தில், செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வரலாம். இதைப் படித்தபோது எனக்கு மாலை ஆறு மணிக்கு மதுரை சிம்மக்கல் சிக்னல்தான் கண்ணில் வந்தது.

இன்னொரு பழுது, மெக்கட்ரானிக் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் சின்ன உருளை பொருந்தும் இடம். அங்கே அலுமினிய உடலில் விரிசல் விழும், அழுத்தம் நிற்காது. ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற கோடு வரும். டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்னி மின்னி அணையும், வண்டி நின்றுவிடும். விரிசல் விழுந்தது ஒரு உள்ளங்கை அளவு உலோகத்தில். ஆனால் கம்பெனி முறைப்படி போனால் மாற்ற வேண்டியது முழுப் பெட்டியை. பத்து வருட வண்டியில் அந்த பில் வாங்கிய விலையோடு போட்டி போடும். கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் தனி மெக்கானிக்குகள் அந்த உடலை மட்டும் பலப்படுத்தி மாற்ற வழி கண்டுபிடித்தார்கள். அந்தப் பாகங்கள் இப்போது இணையத்தில் விற்கின்றன, இந்தியாவிலும் சில பட்டறைகள் செய்கின்றன. நம்ம பழைய பம்ப் கடையின் புத்தி அங்கே மறுபடி முளைத்திருக்கிறது.

டிஎஸ்ஜி வண்டி பார்க்கப் போனால் குளிர்ந்த இன்ஜினில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் நெரிசலில் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக நகரவிட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுக்கம் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

ஆளைப் பார்த்து நடந்த டீசல்

மூன்றாவது வரலாறு டீசல். இதில் நம்மாள் ஒருவர் வருகிறார்.

2013ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் குழு ஒன்று, கலிஃபோர்னியாவில் மூன்று ஜெர்மன் டீசல் கார்களின் பின்பக்கம் புகை அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டியது. குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ஆய்வகத்தில் சமர்த்தாக இருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு கக்கியது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. கூட ஓட்டிய பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு காரணத்தை வெளியிட்டது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையெல்லாம் பார்த்து, 'இப்போது நம்மைச் சோதிக்கிறார்கள்' என்று காரின் மென்பொருள் தெரிந்துகொண்டது. சோதனை என்றால் ஒரு நடத்தை, சாலை என்றால் வேறு நடத்தை. என் தொழிலில் இருப்பவனுக்கு இது வெறும் செய்தி இல்லை. யாரோ ஒரு இன்ஜினியர் மேசையில் உட்கார்ந்து அந்த 'என்றால்' வரியை எழுதியிருக்கிறார். அதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்.

இந்தியாவில் அந்த டிசம்பரிலேயே ஃபோக்ஸ்வேகன் குழுமம் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றுவதாக அறிவித்தது. வென்டோ டீசலும் அதில் சேர்த்தி. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட, அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பழைய டீசல் வென்டோ வாங்குபவருக்கு இதில் என்ன? அந்த வண்டிக்கு இரண்டு மூளை உண்டு, திருத்தத்துக்கு முன், திருத்தத்துக்குப் பின். ஐரோப்பாவில் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு மென்பொருளோடு ஒரு பிளாஸ்டிக் சல்லடையும் மாட்டினார்கள். காற்று அளக்கும் சென்சாருக்கு முன்னால் காற்றை நிதானப்படுத்த. திருத்தத்துக்குப் பிறகு புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வு சீக்கிரம் கரி பிடிக்கிறது என்று அங்கே பல உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். ஆகவே இழுவை குறைகிறது, புகை வருகிறது என்றால் டர்போ போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன் இஜிஆரைப் பார்க்க வேண்டும். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, எந்தத் திருத்தம் நடந்திருக்கிறது என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். டைமிங் பெல்ட்டை கிலோமீட்டரை மட்டும் பார்த்து விடக்கூடாது. ரப்பருக்கு வயசும் கணக்கு.

டீசல் விலை இறங்கியதற்கு இன்னொரு காரணம் டெல்லி. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தடை நெருங்க நெருங்க அந்த வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு மலிவு விலையில் இறங்கின. நம்ம ஊர் புரோக்கர்கள் 'டெல்லி வண்டி' என்று சொல்வது இதைத்தான். என்ஓசி, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும்.

பூட்டின சாவி

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். பென்ஸ் லாரியும் ஜெர்மன், வென்டோவும் ஜெர்மன். லாரியைக் கண்டு யாரும் பயப்படவில்லையே?

1954ல் வந்த பொருளோடு அதைப் பழுது பார்க்கும் அறிவும் பட்டறை வரைக்கும் இறங்கியது. 1995க்குப் பிறகு வந்த பொருளின் அறிவு சர்வீஸ் சென்டரோடு நின்றுவிட்டது. இது என் ஊகம் மட்டும் இல்லை. 2011ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒருவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் மூன்றின் மேலும் புகார் கொடுத்தார். உதிரிபாகமும் பழுது கண்டறியும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பது புகார். விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம். பாகங்களையும் கையேடுகளையும் வெளிச் சந்தைக்குத் திறந்துவிடச் சொல்லி உத்தரவும். வழக்கம்போல மேல்முறையீடுகள். பட்டியலில் நம்ம நாட்டுக் கம்பெனிகளும் உண்டு, ஜெர்மனியை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆனால் மாருதிக்கு ஊர் ஊராக மெக்கானிக் இருப்பதால் பூட்டு உறைக்கவில்லை. வென்டோவுக்கு உறைத்தது. அந்தப் பூட்டின் விலைதான் பழைய வண்டிச் சந்தையில் தள்ளுபடியாகத் தெரிகிறது என்பது என் கணக்கு.

பூட்டைத் திறந்தது சட்டத்தை விட ஒரு கனடா கம்பெனியின் கவனக்குறைவு. காரின் ஓபிடி சாக்கெட், அமெரிக்காவில் 1996லும் ஐரோப்பாவில் 2001லும் கட்டாயமானது. பின்னர் நம்ம நாட்டுக்கும் வந்தது. அதில் பேச எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி இஎல்எம்327 என்ற சிப்பை விற்றது. முதல் பதிப்பில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்ட விட்டுவிட்டார்கள். சீனாவில் நகல்கள் குவிந்தன. நகல்காரர்கள் '1.5' என்று அச்சிட்டு விற்ற பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை! இன்று சில நூறு ரூபாய்க்கு வாங்கி மொபைலோடு இணைக்கும் ப்ளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். அது பொதுவான இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளின் கியர்பாக்ஸ், ஏர்பேக் வரை நுழைய விசிடிஎஸ் போன்ற தனி மென்பொருள் வேண்டும்.

ஆனால் ஸ்கேனர் வாங்கியவுடன் ஆள் மெக்கானிக் ஆகிவிட மாட்டார். கோடு சொல்வது அறிகுறி, பாகத்தின் பெயர் இல்லை. பி0171 என்று வந்தால் 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று பொருள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று என்று பொருள் இல்லை. எங்கோ ஒரு ஹோஸ் கிழிந்து காற்று புகுந்தாலும் அதே கோடுதான். அதற்கும் முன்னால் பேட்டரியையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும். இந்தக் கார்களில் டஜன் கணக்கில் கம்ப்யூட்டர்கள் ஒரே கம்பிச் சோடியில் பேசிக்கொள்கின்றன, 1986ல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் முறைப்படி. பேட்டரி தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத பத்து கோடுகள் ஒரே நேரத்தில் வரும். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டியரிங் எல்லாம் செத்துவிட்டது போல டேஷ்போர்டு தீபாவளி கொண்டாடும். எல்லாக் கோடையும் எழுதி வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, பேட்டரியைச் சரிசெய்து, ரெண்டு நாள் ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் முறை. திரும்பி வருவது மட்டுமே நிஜம். தோப்புக்குள்ளே வண்டி நிறுத்துகிறவர்கள் எலி, அணில் கடித்த வயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுதுக்கு ஜெர்மன்காரன் பொறுப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. லாரி காலத்து நட்டுத் தளர்த்தும் வித்தையைக் காமன் ரெயில் டீசலில் செய்துவிடாதீர்கள். இதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். பதிலாக ஸ்கேனரில் இன்ஜின் பகுதிக்குப் போய், ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற அளவைப் பாருங்கள். நான்கு எண்கள் வரும். மூன்று பூஜ்யத்தை ஒட்டி இருந்து, ஒன்று மட்டும் வெகுவாக ஏறியிருந்தால், அந்தச் சிலிண்டரைத்தான் கம்ப்யூட்டர் ஊட்டி ஊட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. நாசிலோ கம்ப்ரஷனோ அங்கே போயிருக்கிறது. மதுரை பம்ப் கடையில் வேலை பார்த்த எந்தப் பெரியவரிடமும் அந்த நான்கு எண்ணைக் காட்டிப் பாருங்கள். எந்த நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறாது என்று அவரே சொல்லிவிடுவார்.